உறங்கும் அரசியும் ஒரு பாக்கெட் தே ஐஸும்

பினாங்கின் சூலியா தெருவில் காசு மாற்றும் கடை ஒன்றின் மேல்மாடியில், ஒரு வருடத்துக்கும் மேலாக ஞாயிறு மதியங்களில், நாங்கள் நான்கு பெண்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தோம். கீழே டிரைஷா வண்டி மணியும் பாத்திரக் கடை வானொலியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்கும். மேலே மூடுபனிக் காடுகள், கடல்பூதங்கள், இடுகாட்டிலிருந்து எழுந்து வரும் படைகள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாய்த்துடுக்கு உண்டு, வஞ்சகம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

மற்ற நாட்களில் நான் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். நகக்கண் அளவுள்ள சில்லுகளில் கம்பி ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. எட்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் சில்லு சில்லாகத் தெரியாது. தங்க நிறத் தெருக்களும் மதில்களும் ஆளில்லாத சதுக்கங்களுமாக ஏதோ ஓர் ஊர் தெரியும். அந்த ஊரில் நடந்துகொண்டிருக்கும்போதே ஷிப்ட் முடிந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடினாலும் அதே ஊர்தான். அதனால் அந்தக் கார்டுகளை முதன்முதலாகப் பார்த்தபோது, அவற்றில் வரைந்திருந்த கோட்டைகளும் காடுகளும் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஏற்கெனவே போய் வந்த இடம் மாதிரிதான் இருந்தது.

கார்டுகள் அமோயுடையவை. அமோய் எங்கள் லைனில் வேலை செய்த சீனப் பெண். சீனப் பெண்களைக் கூப்பிடும் பொதுச் சொல்தான் அது, எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். அவளும் பதிலுக்கு எங்களை என்னென்னவோ கூப்பிடுவாள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த அவள் அண்ணன், ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கார்டுகளைக் கொண்டுவந்து, ஆட ஆளில்லாமல் இவளிடம் தள்ளிவிட்டிருந்தான். ஒவ்வொரு கார்டிலும் ஒரு படம், படத்துக்குக் கீழே அது என்ன செய்யும் என்று பொடி எழுத்தில் ஆங்கிலம். ஆளாளுக்கு வேண்டிய கார்டுகளைப் பொறுக்கி ஒரு கட்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு இருபது உயிர். அடிபட்டு இருபதும் போனால் வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவளுக்கு வெற்றி.

மேசை அக்காவுடையது. காசு மாற்றும் கடைக்காரரின் மனைவி அவர். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலிருந்தே பிளவுஸும் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங்கும் தைத்துக் கொடுப்பார். என் தோழிதான் அவரிடம் வாடிக்கை. தொழிற்சாலையில் என் பக்கத்து இருக்கை அவளுடையது. சுங்கை பினாங் ப்ளாட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே அவள் வீடு. அவள் அளவு கொடுக்கப் போனபோது ஒருநாள் நானும் அமோயும் கூடப் போனோம். காத்திருந்த நேரத்தில் அமோய் துணி வெட்டும் மேசையில் கார்டுகளைப் பரப்பினாள். அக்கா கழுத்தில் அளவு டேப்போடு வந்து ஒரு கார்டை எடுத்து, அவர் கணவர் நோட்டைப் பார்ப்பதுபோல, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல சூது இருக்காம்மா?"

இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு கார்டைப் பணயம் வைப்பது பற்றி விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. என் தோழி அதை வாசித்துச் சொன்னாள். அக்கா கத்தரிக்கோலை எடுத்து, அந்தப் பக்கத்தை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தார்.

"இப்ப இல்ல. உக்காருங்க, வெளையாடலாம்."

ஒருத்தி எப்படிக் கட்டுச் சேர்க்கிறாள் என்று பார்த்தாலே போதும், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். அமோய்க்குப் பொறுமை கிடையாது. அவள் கட்டு முழுக்கச் சிவப்புக் குட்டிச்சாத்தான்கள். முதல் சுற்றிலேயே இறங்கி, இரண்டாம் சுற்றில் யாரையாவது கடிக்கும். இரண்டு பேர் ஆடும் ஆட்டமாக இருந்தால் அவளை அசைக்க முடியாது. நான்கு பேர் ஆட்டத்தில் அது எடுபடாது. ஒருத்தியைக் குதறி முடிப்பதற்குள் அவள் கை காலியாகிவிடும். மிச்ச இரண்டு பேரும் கைநிறையக் கார்டோடு அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஹபிஸ் லா!" முடிந்தது கதை என்று மலாயில் சொல்லி, அவளே கட்டைக் கவிழ்த்துவிடுவாள். அடுத்த வாரம் அதே சாத்தான்களோடு வருவாள்.

அக்காவின் கட்டு நீலம். அதில் படை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. எல்லாம் மறுப்பு மந்திரங்கள். நாம் ஏழெட்டுச் சுற்றுக் காத்திருந்து பெரிய பூதம் ஒன்றை மேசையில் வைப்போம். அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "வேணாம்மா" என்பார். அவ்வளவுதான், பூதம் நேராக இடுகாட்டுக்குப் போய்விடும். செத்த கார்டுகளை அடுக்கி வைக்கும் இடத்துக்கு இடுகாடு என்று பெயர். அத்தனை மரியாதையாக ஒருவர் வயிற்றில் அடிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் மூன்று பேருக்கும் வேண்டாம் என்று சொல்ல அவர் கையில் கார்டு பத்தாது. யாருக்கு மறுப்பது, யாரைப் போக விடுவது என்று கணக்குப் போடுவதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது.

என்னுடையது கறுப்பு. மற்றவர்களின் இடுகாட்டிலிருந்து எடுத்துப் பிழைக்கும் கட்டு. அமோயின் சாத்தான் செத்தால் எனக்கு வேலைக்காரனாகும். அக்கா வேண்டாம் என்று தள்ளிய பூதம் மூன்று சுற்றுக் கழித்து என் பக்கம் வந்து நிற்கும். அதற்கு மற்றவர்கள் முதலில் அடித்துக்கொண்டு சாக வேண்டும்; அதுவரை நான் ஒன்றுமில்லாத ஏழையாக உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு பேர் ஆட்டத்தில் எல்லார் கண்ணும் பலசாலிமேல்தான் இருக்கும். பாவப்பட்ட முகத்தை யாரும் தொட மாட்டார்கள். அந்த முகம் எனக்குப் பிறவியிலேயே வாய்த்தது.

என் தோழியின் கட்டு பச்சை. காடு, அதற்குப் பின்னால் இன்னும் காடு, அதில் மெதுவாக வளரும் மிருகங்கள். அவளிடம் ஒளிவு மறைவு கிடையாது. "அடுத்த ரவுண்டு ஒன்னைய அடிப்பேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பாள். அடிக்க மாட்டேன் என்றால் அடிக்கவே மாட்டாள். இது என்ன அசட்டுத்தனம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், பேச்சுவார்த்தை என்று வந்தால் அக்காவும் அமோயும் அவள் பக்கமே சாய்ந்தார்கள். என்னிடம் சமாதானம் பேசுகிறவர்கள் பேசும்போதே என் கையைப் பார்ப்பார்கள்.

அவள் கட்டில் ஒரு கார்டு இருந்தது. உறங்கும் அரசி என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அதன் ஆங்கிலப் பெயர் எனக்கு இப்போது மறந்துவிட்டது. பெரிய மரம் ஒன்றின் பொந்துக்குள் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். தலைமுடி வேரோடு வேராக மண்ணில் இறங்கியிருக்கும். முகத்தில் இலை நிழல். மேசையில் வைத்தால் அவள் ஒன்றும் செய்ய மாட்டாள், தூங்குவாள். தூங்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் அவள்மேல் ஒரு விதை வைக்க வேண்டும். பொட்டானிக் கார்டனில் பொறுக்கிய, மஞ்சாடி என்று சொல்லும் சிவப்புச் சாகா விதைகளை அதற்கென்றே ஒரு தைலப் போத்தலில் வைத்திருந்தோம். விடியல் என்று இன்னொரு கார்டு உண்டு, அவள் கட்டில் இரண்டே இரண்டு. அதைப் போட்டால் அரசி கண் விழிப்பாள். எத்தனை விதை சேர்ந்திருக்கிறதோ அத்தனை உயிரை ஒரே அடியில் எடுத்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போவாள். நான் சில நாள் மைக்ரோஸ்கோப்பில் அந்தத் தங்கத் தெருக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு மூலையில் அந்த மரம் நிற்கிற மாதிரி இருக்கும். பக்கத்து இருக்கையில் அவளிடம் சொன்னால், "அவ தூங்கட்டும், எழுப்பாத" என்பாள்.

இனி தேத்தண்ணீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அக்கா வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே, அஞ்சடி நடைபாதையில், தகரக் கூரை போட்ட தேத்தண்ணீர்க் கடை ஒன்று இருந்தது. ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் குரல் கொடுத்தால், பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் ராஃபியா கயிறு கட்டி, உறிஞ்சு குழாய் செருகிய தே ஐஸ், ஐஸ் போட்ட பால் தேத்தண்ணீர், மேலே வரும். பைகளை ஜன்னல் கம்பியில் வரிசையாக மாட்டிவிடுவோம். ஆட்டம் ஆரம்பித்த புதிதில் ஒருநாள் என் தோழி அக்காவுக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தாள். அக்கா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, அடுத்த சுற்றிலேயே யாரிடமோ பிடுங்கிய மிருகத்தை இவள்மேல் ஏவினார்.

"என்னக்கா, என் தண்ணிய குடிச்சிக்கிட்டே என்னைய அடிக்கிறீங்க?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் அக்காவின் முகம் சிவந்துவிட்டது. ஒருவர் வாங்கிக் கொடுத்ததை வாயில் வைத்துக்கொண்டு அவர்மேல் கை ஓங்குவதா? அவர் அந்த மிருகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பாக்கெட்டைக் குடித்து முடித்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, அதற்கப்புறம் அடித்தார்.

அன்றிலிருந்து அது எங்கள் மேசையின் சட்டமாகிவிட்டது. ஓர் ஆட்டத்தில் ஒருத்தி ஒருத்திக்கு ஒரு பாக்கெட் வாங்கலாம். வாங்கினவளும் குடிக்கிறவளும் தண்ணீர் தீரும்வரை ஒருவரையொருவர் அடிக்கக் கூடாது. எப்போது குடித்து முடிப்பது என்பது குடிக்கிறவள் இஷ்டம். வாங்கினவள் அந்தப் பையைத் தொடக் கூடாது. இதற்கப்புறம் எங்கள் கட்டுகளே மாறிப்போயின. அமோய் யாரிடமும் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்றாள். சமாதானம் அவள் சாத்தான்களுக்கு ஒத்துவராது. அக்கா சொட்டுச் சொட்டாகக் குடித்து ஓர் ஆட்டம் முழுக்க இழுப்பார். ஐஸ் உருகிய தண்ணீர் தேத்தண்ணீரில் சேர்த்தியா என்று ஒருநாள் பெரிய சண்டை வந்தது. "இனிப்பு இருக்குற வரைக்கும் தேத்தண்ணி, கட்டி ஐஸ் சேத்தி இல்ல" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். நான் எப்போதும் அன்றைக்கு யார் பலசாலியாக வருவாள் என்று பார்த்து அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவேன். பெரும்பாலும் அது என் தோழிதான்.

அந்த மதியங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பைகள்தான். வெயில் அவற்றுக்குள் புகுந்து மேசைமேல் தேன் நிறத்தில் விழும். காற்றில் பை ஆடினால் அந்த நிறமும் கார்டுகள்மேல் ஆடும், காட்டின்மேல், கடலின்மேல், அரசியின் முகத்தின்மேல். அடுத்த தெருவிலிருந்து மசாலா அரைக்கும் வாசனை வரும். பேச்சு நின்று, யார் முறை என்பதே மறந்து, நான்கு பேரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நேரங்களும் உண்டு. அப்போது நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த அளவு சந்தோஷம் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், ஆனால் அதுதான் உண்மை.

கதவின் பின்புறம் அக்கா தையல் சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தார். யார் யாரை வெளியேற்றினாள் என்று அதில் கோடு போட வேண்டும். அமோயின் பெயருக்கு நேரே எனக்குக் கோடுகள் நிறைய. அக்காவை ஒன்பது தடவை வெளியேற்றியிருக்கிறேன். என் தோழிக்கு நேரே இருந்த கட்டம் மட்டும் காலி. ஒரு வருடமாகக் காலி. அவள் என்னை எத்தனை தடவை வெளியேற்றினாள் என்று இங்கே எழுத மாட்டேன்.

இந்த நேரத்தில்தான் ஜோகூர் வந்தது. எங்கள் கம்பெனி அங்கே, நாட்டின் தெற்குக் கோடியில், புதுத் தொழிற்சாலை திறந்தது. சூப்பர்வைசர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். நாங்கள் இருவரும் எழுதிப் போட்டோம், ஒரே நாளில் பரீட்சை எழுதினோம். அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. எல்லாரும் அவளுக்குக் கைகொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். உள்ளுக்குள் எரிந்தது. அவளுக்குக் கிடைத்ததற்காக எரிந்ததா, என்னை விட்டுப் போகிறாளே என்று எரிந்ததா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போவதற்குள் ஒரு தடவையாவது அவளை ஜெயித்துவிட வேண்டும், அந்தக் கட்டத்தில் ஒரு கோடாவது விழ வேண்டும் என்பது மட்டும் மனதில் பிடித்துக்கொண்டது. பைத்தியம் மாதிரி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஞாயிறு. மறுநாள் மாலை அவளுக்கு ரயில். உட்கார்ந்ததும் நான் கூடையை இறக்கி அவளுக்கு ஒரு தே ஐஸ் வாங்கினேன். அவள் சட்டத்துக்காக ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் மாட்டினாள்.

அமோய் அன்று மூக்கைச் சிந்திக்கொண்டே ஆடினாள். தன் சாத்தான்கள் அத்தனையையும் அக்காமேல் ஏவினாள். மூன்றாவது சுற்றிலோ நான்காவது சுற்றிலோ என் தோழி உறங்கும் அரசியை மேசையில் வைத்தாள். எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவர் கையில் மறுப்புக் கார்டு இருந்தது, எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போவட்டும். கடைசி நாளு, தூங்கிட்டுப் போவட்டும்."

அரசி தூங்கினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிவப்பு விதை விழுந்தது. அமோயை அவளுடைய செத்த சாத்தான்களை வைத்தே நான் முடித்தேன். அக்காவை என் தோழியின் காட்டு மிருகங்கள் முடித்தன. அந்தச் சண்டையில் மிருகங்களும் செத்தன. அக்கா அஸர் தொழ உள்ளே போனார். அமோய் குவே பலகாரம் வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கினாள். மேசையில் நாங்கள் இருவர் மட்டும்.

எனக்கு ஒன்பது உயிர் மிச்சம். அரசிமேல் பதினோரு விதை. அவளுக்கு ஆறு உயிர், என் பக்கம் ஆறுக்கும் மேல் அடிக்கக்கூடிய செத்தவர்களின் படை. அவளுக்குக் காவல் யாரும் கிடையாது. தூங்குகிறவள் காவல் காக்க மாட்டாள். யார் முந்தி அடிக்கிறாளோ அவளுக்குத்தான் ஆட்டம். ஆனால் யாரும் அடிக்க முடியாது, ஏனென்றால் என் தலைக்குப் பின்னால் அந்தப் பையில் முக்கால்வாசி தேத்தண்ணீர் இருந்தது.

அவள் ஒரு கார்டு எடுத்தாள். விதை ஒன்று வைத்தாள். "ஒன் டர்ன்" என்றாள். நான் ஒரு கார்டு எடுத்தேன், செய்வதற்கு ஒன்றுமில்லை. மறுபடி அவள் விதை வைத்தாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசையில் ஒரு விரற்கடை நகர்ந்தது. புறாக்கள் ஓட்டுக் கூரையில் நடக்கும் சத்தம். அவள் கார்டுகளைப் பார்க்கவில்லை. மேசையையும் பாதித் தைத்த பிளவுஸ்களையும் கதவில் போட்டிருந்த கோடுகளையும் என்னையும் மெதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து குடிக்கவே இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். விடியல் கார்டு இன்னும் அவள் கைக்கு வரவில்லை. வரட்டும் என்று காத்திருக்கிறாள். வந்ததும் ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டு அரசியை எழுப்பி என்னை முடிப்பாள். சிரித்த முகத்தோடு போய் ரயிலேறுவாள். ஜோகூரும் அவளுக்கு, இதுவும் அவளுக்கு!

தையல்காரி மேசையில் குண்டூசிக்கா பஞ்சம்? தெருவைப் பார்க்கிற மாதிரி எழுந்தேன். எழும்போதே ஊசி மெத்தையிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டேன். ஜன்னலில் சாய்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பையின் அடியில் குத்தினேன். ஒரு குத்துப் போதுமா என்று தெரியவில்லை, நான்கைந்து குத்தினேன். தேத்தண்ணீர் கம்பி வழியாக வெளியே ஒழுகி, கீழே கடையின் தகரக் கூரையில் டக், டக் என்று விழ ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் எனக்குப் பறையடிப்பதுபோல் கேட்டது. அதை மறைக்க வாய்க்கு வந்ததைப் பேசினேன். ஜோகூரில் வெயில் எப்படி, ஹாஸ்டலில் காற்றாடி உண்டா, சனிக்கிழமை சனிக்கிழமை போன் போடுவாயா என்றெல்லாம் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். இடையில் இரண்டு விதை வைத்தாள்.

"ஒன் டர்ன்."

நான் திரும்பிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பையில் இரண்டு ஐஸ் கட்டிகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அடியே, ஒன் தண்ணி முடிஞ்சிருச்சி பாரு."

என் குரல் எனக்கே நன்றாக இல்லை. படையை முன்னால் தள்ளினேன். அவள் பையைப் பார்த்தாள். சுவரில் ஈரம் ஓடியிருந்ததையும் பார்த்திருப்பாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி லா," என்றாள்.

தோற்றவள் கையில் மிச்சமிருக்கும் கார்டுகளைத் திருப்பிக் காட்டுவது எங்கள் வழக்கம். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒரு காடு. இன்னொரு காடு. விடியல். அதற்கடுத்தும் விடியல்.

அந்த இரண்டு கார்டையும் நான் கையில் எடுத்தேன். "இது எப்ப வந்துச்சி?"

"அக்கா அவுட் ஆவறதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன்டி குடிக்கல?"

அவள் சாகா விதைகளைப் பொறுக்கிப் போத்தலில் போட்டுக்கொண்டிருந்தாள். "தாகம் இல்லடி," என்றாள்.

ஒரே மூச்சில் குடித்து முடித்திருந்தால் ஜெயித்திருப்பாள். குடிக்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த மதியம் முடிந்துவிடக் கூடாது என்று. அதை நான் ஊசியால் குத்தி ஒழுகவிட்டிருந்தேன். தொழுகை முடித்து வந்த அக்கா யார் ஜெயித்தது என்று கேட்டார். "இவதான்க்கா, என்னைய வெளியேத்திட்டா" என்று அவளே சந்தோஷமாகச் சொன்னாள். அவளே போய்ச் சாக்பீஸை எடுத்து, அந்தக் காலிக் கட்டத்தில் எனக்காக ஒரு கோடு போட்டாள். அக்கா கை தட்டினார். குவேயோடு வந்த அமோய் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் சிரித்தேன். அவ்வளவு கேவலமாக என் வாழ்க்கையில் நான் சிரித்ததில்லை.

மறுநாள் காலை ஷிப்டில் மைக்ரோஸ்கோப்பில் ஊர் தெரியவில்லை. கம்பியும் சில்லும்தான் தெரிந்தன. பக்கத்து இருக்கையில் புதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்ததும் தொழிற்சாலை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பஸ் பிடித்து, அக்கரைக்குப் படகு புறப்படும் பெரி துறைக்குப் போனேன். அக்கரையில் பட்டர்வொர்த்தில்தான் ரயில். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஊசி, பை, மன்னிச்சிரு. மூன்றே விஷயம்தான்.

அவள் அப்பாவும் தம்பியும் பெட்டிகளோடு முன்னால் போய்விட்டிருந்தார்கள். அவள் தடுப்புக் கம்பியருகே எனக்காக நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பாக்கெட் தே ஐஸ், ஓரத்தில் சிவப்பு ராஃபியா கயிறு. ஊர்ப் பக்கத்திலிருந்து வெயில் வந்து பைக்குள் புகுந்து, அவள் கையெல்லாம் அந்தத் தேன் நிறம் விழுந்திருந்தது.

"இந்தா, ஒனக்குத்தான். நா வாங்குனது."

வாங்கிக்கொண்டேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தை வரவில்லை. என் வாய்த்துடுக்கெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ.

அவள் பையின் அடியை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். "ஓட்ட இல்ல. நல்லா பாத்துதான் வாங்குனேன்."

பெரியின் சங்கு ஊதியது. நான் அழ ஆரம்பித்திருந்தேன். அவள் என் மேலங்கியின் காலரைச் சரிசெய்துவிட்டு, சட்டத்துக்காக ஒரு வாய் உறிஞ்சச் சொன்னாள். உறிஞ்சினேன்.

"குடிச்சி முடிச்சிராத," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு உள்ளே போனாள்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். சுங்கை பினாங் வருவதற்குள் ஐஸ் உருகி, நிறம் வெளுத்துப்போயிருந்தது. இனிப்பு இருந்தது. வீட்டில் உறிஞ்சு குழாயை உருவிவிட்டு, வாயை இறுக்கிக் கட்டி, ஐஸ்பெட்டியின் உறைய வைக்கும் மேல்தட்டில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது என்னாடி?" என்று அம்மா கேட்டார். யாரும் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

அவள் சனிக்கிழமைகளில் போன் போட்டாள். பிறகு மாதம் ஒரு தடவை, பிறகு தீபாவளிக்கு. ஊசியைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. கல்யாணமாகி நான் தனி வீடு போனபோது புது ஐஸ்பெட்டி வந்தது. அதில் முதன்முதலாக நான் வைத்தது அந்தப் பையைத்தான்.